புகை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், திரை நடுக்கத்தை என்னிடம் விடுங்கள்

எந்த கேமை இன்ஸ்டால் செய்தாலும் நான் முதலில் போவது செட்டிங்ஸுக்குத்தான். ஒரு மேட்ச்கூட ஆடுவதற்கு முன் மோஷன் பிளரை, அதாவது வேகமாகத் திரும்பும்போது படத்தை மங்கலாக்கும் எஃபெக்டை, அணைத்துவிடுவேன். பிறகு திரையைக் குலுக்கும் கேமரா ஷேக், வெளிச்சத்தைச் சிதறடிக்கும் லென்ஸ் ஃப்ளேர், ப்ளூம், படத்தில் புள்ளி தூவும் ஃபிலிம் கிரெய்ன் எல்லாம் வரிசையாகப் போகும். கார்களை வைத்துக் கால்பந்து ஆடும் ராக்கெட் லீக்கில் வெதர் எஃபெக்ட்ஸையும், ஒளிக்கற்றைகளைக் காட்டும் லைட் ஷாஃப்ட்ஸையும் முதல் நாளே எடுத்துவிட்டேன். கோல் கம்பங்களுக்குப் பின்னால் பந்து மறையாமல் இருக்க அவற்றையும் ஊடுருவித் தெரியும்படி மாற்றிக்கொண்டேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பத்து நிமிடமும் அவன் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

அவனுக்குப் பிழைப்பே அதுதான். ஒரு கேம் ஸ்டூடியோவில் எஃபெக்ட்ஸ் ஆர்ட்டிஸ்டாக இருக்கிறான். தீ, புகை, தூசி, தெறிக்கும் பொறி, உடையும் கண்ணாடி என்று இதையே பல வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறான். ஒரு ஆட்டத்துக்காக அவன் மழை செய்தான். தரையில் விழும் துளி ஒரு மாதிரி சிதறும், இரும்புத் தகட்டில் விழுவது வேறு மாதிரி சிதறும், ஓடுகிறவரின் காலடியில் தேங்கிய நீர் பக்கவாட்டில் தெறிக்கும். அந்த ஆட்டத்தை நான் இருநூறு மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கிறேன். மழையை முதல் நாளே அணைத்துவிட்டேன். அதைப் பார்த்த அன்று அவன், “மூணு மாசம் உக்காந்து செஞ்சதுடி. ஒரே கிளிக்ல அணைச்சிட்டியே” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் எதையாவது திருப்பிச் சொல்லிவிட்டு மறந்திருப்பேன்.

அவனுக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

எனக்கு 19 வயதிலிருந்து ஒற்றைத் தலைவலி உண்டு. வலிக்கு முன்னால் பார்வையில் ஒரு சின்னப் புள்ளி கலங்கும். எழுத்தைப் பார்த்தால் நடுவில் ஒரு எழுத்து இருக்காது. அந்தப் புள்ளி மெல்ல விரிந்து பிறை போல வளையும், விளிம்பெல்லாம் ரம்பப் பல் மாதிரி மின்னும், அதற்குள் அகப்பட்ட எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இருபது இருபத்தைந்து நிமிடம் இப்படி இருக்கும். அப்புறம்தான் வலி வரும். தூக்கம் கெட்டாலும் இது வரும். துடிக்கிற வெளிச்சத்தைப் பார்த்தாலும் வரும்.

ஒரு இரவு, ஒரு ஷூட்டர் கேமில் ரேங்க்டு மேட்ச், அதாவது ஜெயித்தால் தோற்றால் தரவரிசைப் புள்ளி ஏறி இறங்கும் ஆட்டம். ஸ்கோர் 11-11. எதிர் அணியில் ஒருவரிடம் ஒரு திறன் இருந்தது. அது நம் மேல் பட்டால் நகரும் வேகம் குறையும். ஆட்டக் கணக்கில் அதன் விளைவு அவ்வளவுதான். ஆனால் அதைக் காட்டுவதற்குத் திரை ஓரம் முழுவதும் சிவப்பில் துடிக்கும், நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பளிச்சிடும், கேமரா குலுங்கும். ஒரே ரவுண்டில் நான்கு முறை என் மேல் பட்டது. நான்காவது முறை எல்லாம் அடங்கிய பிறகும் இடது மேல் மூலையில் இருக்கும் சின்ன வரைபடமான மினிமேப் தெரியவில்லை. ஏதோ பக் என்று நினைத்தேன். பிறகு என் கையைப் பார்த்தேன், விரல்களில் இரண்டைக் காணவில்லை. “எனக்குக் கண் தெரியல, மன்னிச்சிருங்க” என்று மைக்கில் சொல்லிவிட்டு வெளியேறினேன். பாதியில் போனதற்காக அரை மணி நேரத் தடை, புள்ளிக் கழிவு. நான்கு பேராக ஆடிய என் அணி தோற்றுப்போனது. முன்பின் தெரியாத அந்த நான்கு பேரை நினைத்து இருட்டு அறையில் படுத்துக்கொண்டு ரொம்ப நேரம் வருத்தப்பட்டேன்.

மறுநாள் அந்த ஆட்டத்தின் மெனுவை வரி வரியாகப் பார்த்தேன். நிழலுக்கு நான்கு நிலை, பரப்புகளின் டெக்ஸ்சருக்கு நான்கு நிலை, குறிவைக்கும் கிராஸ்ஹேரின் நடுப்புள்ளி எத்தனை பிக்சல் என்பதுவரை கேட்டார்கள். அந்தத் துடிப்பைக் குறைக்க மட்டும் எதுவும் இல்லை. ஆட்டம் தொடங்கும்போது, ஒளிக்கூருணர்வு உள்ளவர்கள் கவனமாக ஆடவும் என்று ஒரு எச்சரிக்கைத் திரை வந்துபோனதுதான் மிச்சம். கவனமாக ஆடுவது என்றால் எப்படி? எதிரி அந்தத் திறனை எப்போது வீசுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வெளிச்சத் துடிப்பு ஆளைக் கீழே தள்ளும் என்பது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வினாடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறி மாறி மின்ன, ஒரே மாலையில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். வலைப்பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டிகளில் எந்தப் பகுதியும் ஒரு வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்று 2008 முதலே எழுதியிருக்கிறது. சாதாரணப் பக்கத்துக்கே இவ்வளவு கவனம் வேண்டும் என்றால், கண் இமைக்காமல் மணிக்கணக்கில் உற்றுப் பார்க்க வைக்கிற ரேங்க்டு ஆட்டத்துக்கு அதைவிட அதிகம் வேண்டும் என்று நான் கேட்பது தவறா?

சரி, அப்படியானால் எல்லா எஃபெக்டையும் அணைக்க விட்டுவிடலாமா? இங்கேதான் என் பதில் “கூடாது” என்று மாறுகிறது.

இரண்டு அணிகள் சுட்டுக்கொள்ளும் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் ஆட்டத்தின் பழைய 1.6 பதிப்புக் காலத்துக் கதை ஒன்றை அண்ணன் சொல்வான். அவனும் நண்பர்களும் அதை வெறித்தனமாக ஆடியவர்கள். வீடியோ செட்டிங்ஸில் நிறத்தை 32 பிட்டிலிருந்து 16 பிட்டுக்குக் குறைத்தால் ஸ்மோக் கிரனேடின் புகை வெளிறிவிடும், உள்ளே நிற்பவர் நிழலுருவமாகத் தெரிவார். புகைக்குள் பதுங்கியவருக்கு இது தெரியாது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பி நின்றவர் செத்து விழுவார். ஏமாற்று மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை, மெனுவில் ஒரு வரியை மாற்றினால் போதும். புகையை விருப்பத்துக்கு விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அந்தப் புகை அலங்காரத்துக்கு வைத்தது கிடையாது. ஒருவர் ஆட்டத்துக்குள் சேர்த்த காசைக் கொடுத்து வாங்கி வீசிய சுவர் அது.

2023 செப்டம்பரில் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 வந்தபோது புகையை அடியோடு மாற்றினார்கள். இப்போது அது ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாகச் சுழலும் படம் இல்லை. ஆட்ட உலகத்துக்குள் கன அளவோடு இருக்கும் ஒரு பொருள். இருக்கும் இடத்தை நிரப்பிப் பரவுகிறது, வாசல் வழியாக வழிகிறது, குண்டு பாய்ந்தால் ஒரு நொடி துளை விழுகிறது, கையெறி குண்டு வெடித்தால் விலகி மறுபடி மூடுகிறது. முக்கியமான விஷயம், என் திரையில் எந்த இடத்தில் துளை விழுகிறதோ அதே இடத்தில்தான் எதிரியின் திரையிலும் விழும். என் செட்டிங்ஸ் குறைவா கூடுதலா என்பது அங்கே செல்லாது. முதல் முறை அதைப் பார்த்தபோது அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். எனக்கும் கண் நிறைந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. நான் மறைந்திருக்கிறேன் என்றால் நிஜமாகவே மறைந்திருக்கிறேன்.

சண்டை ஆட்டங்களிலும் இதே கணக்குதான். அடி விழுந்தால் ஒரு வகைப் பொறி, தடுத்தால் இன்னொரு வகை. அடி பட்ட கணத்தில் இரண்டு பாத்திரங்களும் சில ஃப்ரேம்கள், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் சில படங்கள் அளவுக்கு, உறைந்து நிற்கும். அந்த உறைவை நம்பித்தான் அடுத்த பொத்தானை அழுத்தலாமா என்று முடிவு செய்கிறோம். ஆகவே அதை எடுத்துவிட முடியாது. ஆனால் அதே அடியில் பின்னணி முழுக்க அதிர்கிறதே, அது இல்லாவிட்டால் ஆட்டத்தில் என்ன குறையும்?

ஒவ்வொரு எஃபெக்டும் ஆடுகிறவருக்கு ஏதோ ஒன்றைச் சொல்கிறது, அல்லது எதையோ மறைக்கிறது. இந்தப் பங்கு எல்லோருக்கும் சமமாக, அணைக்க முடியாததாக இருக்கட்டும். அதை எந்த வெளிச்சத்தில், எவ்வளவு குலுக்கலோடு சொல்வது என்பது என் கையில் இருக்கட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

இது முடியாத காரியமும் இல்லை. 2023-இல் வந்த கால் ஆஃப் ட்யூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 3-இல், பளிச்சிட்டுக் கண்ணை மறைக்கும் ஃபிளாஷ்பேங் குண்டு பட்டால் திரை வெள்ளைக்குப் பதில் கறுப்பாகும்படி மாற்றிக்கொள்ள ஒரு விருப்பம் வைத்தார்கள். பார்வை போவது போவதுதான். எனக்குச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. நள்ளிரவில் ஒரு அடி தூரத்தில் இருக்கும் மானிட்டர் வெள்ளையாக வெடிக்கவில்லை, அவ்வளவுதான். இதை முதலில் யோசித்தவர் யாரென்று தெரிந்தால் நேரில் நன்றி சொல்வேன்.

அண்ணனுடைய வாதம் ஒன்று இருக்கிறது, அதை லேசாகத் தள்ள முடியாது. “விருப்பம்னு பேருக்குத்தான் சொல்றீங்க. அணைச்சா நல்லா ஆட முடியும்னா எல்லாரும் அணைச்சிருவாங்க. அப்புறம் அது எப்படி விருப்பம் ஆகும்?” என்பான். உதாரணத்துக்கு 1999-இல் வந்த குவேக் 3 அரீனா என்ற ஷூட்டர் ஆட்டத்தைக் காட்டுவான். ஆர்.பிக்மிப் என்று ஒரு கட்டளை. அதன் எண்ணை ஏற்றினால் சுவர்களில் இருந்த கல், துரு, செதுக்கல் எல்லாம் கரைந்து வெறும் வண்ணப் பூச்சாகிவிடும், எதிரி பளிச்சென்று தெரிவார். எல்லா எதிரிகளையும் ஒரே உருவமாகக் காட்டும் கட்டளையும் இருந்தது. கொஞ்ச நாளிலேயே தீவிரமாக ஆடியவர்களின் திரையில் அந்தக் கோட்டைகள் எல்லாம் சாயம் அடித்த அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிட்டன. அந்தக் கற்களை ஒவ்வொன்றாக வரைந்தவர்களை நினைத்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் வரலாற்றை அவன் ஒரு பக்கமாகப் பார்க்கிறான். குவேக்கில் அநியாயம் நடந்தது என்றால், அந்தக் கட்டளை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையில்தான் நடந்தது. இன்றும் பல ஆட்டங்களில் அப்படித்தான். மெனுவில் ஒன்றும் இருக்காது. ஆனால் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும், செட்டிங்ஸைச் சேமித்து வைக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து ஒரு வரியைச் சேர்த்தால் துப்பாக்கியின் தீப்பிழம்பு மறைந்துவிடும். அது தெரிந்தவர் தெளிவாகப் பார்க்கிறார், தெரியாதவர் தன் துப்பாக்கிப் புகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கன்சோலில் ஆடுகிறவருக்குத் திறக்க ஃபைலே இல்லை. நேர்மை என்ற பெயரில் மெனுவிலிருந்து எடுக்கப்படும் விருப்பம் பெரும்பாலும் இப்படித்தான் பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. மெனுவில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டால் யாருக்கும் ரகசியம் இல்லை.

எல்லாமே இப்படித் தெளிவாகப் பிரியாது என்பதும் உண்மை. புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பப்ஜி போன்ற பெரிய வரைபட ஆட்டங்களில் நான் இடுப்பளவு புல்லில் குப்புறப் படுத்திருப்பேன், என் திரை முழுவதும் பச்சைதான். ஆனால் தொலைவிலிருந்து ஸ்கோப்பில் பார்ப்பவரின் திரையில் அவ்வளவு தூரத்துக்குப் புல் வரையப்படாது. மொட்டைத் தரையில் படுத்திருக்கும் என்னை அவர் நிதானமாகக் குறிவைப்பார். புல் அலங்காரமா, மறைவிடமா என்று ஆட்டமே முடிவு செய்யாத நிலை இது. நிழலும் அப்படித்தான். மூலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் நிழல் தரையில் நீண்டு அவரைக் காட்டிக்கொடுக்கும். கணினி வேகமாக ஓட வேண்டும் என்று நிழலைக் குறைத்தவருக்கு அந்தத் தகவல் கிடைக்காது. இந்த மாதிரி இடங்களில் ஆளின் நிழலை மட்டும் எல்லா நிலையிலும் வரைந்துவிட்டு, தூண், மரம், கட்டடத்தின் நிழல்களை விருப்பத்துக்கு விடலாம் என்பது என் கட்சி. புல்லுக்கு எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. மறைக்கவே முடியாதென்றால் மறைவதுபோலத் தோற்றம் தராமல் இருக்கலாம்.

வேகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சாதாரணக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இது அழகைப் பற்றிய கேள்வியே இல்லை. வினாடிக்கு 144 முறை படம் மாறும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃப்ரேமை வரைய சுமார் 7 மில்லிவினாடிதான் கிடைக்கும். புகை, தூசி, வெடிப்பு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய அரை ஊடுருவித் தகடுகள். நாம் அதற்கு நடுவில் நிற்கும்போது திரையின் ஒவ்வொரு புள்ளியையும் பத்து, இருபது முறை திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருக்கும். இதை எனக்கு விளக்கியதே அண்ணன்தான். ஆக, ஃப்ரேம் எண்ணிக்கை சரிவது எப்போது? அமைதியாக நடந்துபோகும்போது சரியாது. நாலாபுறமும் வெடித்து, ஒரு கணம் தாமதித்தாலும் செத்துவிடுவோம் என்ற நேரத்தில்தான் சரியும். வினாடிக்கு ஐந்நூறு ஃப்ரேம் ஓடும் கணினி வைத்திருப்பவருக்கு அது நூறு குறைந்தாலும் தெரியாது. அறுபதில் ஓடுகிறவருக்கு அந்த ரவுண்டே போய்விடும்.

இன்னொரு எதிர்ப்பும் அடிக்கடி வரும். தேவைப்படுகிறவர்களுக்காக வைத்த விருப்பத்தை மற்றவர்களும் எடுத்துக்கொண்டு லாபம் பார்க்கிறார்கள் என்பார்கள். ஃபோர்ட்நைட் என்ற ஷூட்டர் ஆட்டத்தில் காலடி, துப்பாக்கி, பெட்டி ஆகியவற்றின் சத்தத்தைத் திரையில் ஒரு வளையமாகக் காட்டும் வசதி உண்டு. காது கேளாதவர்களுக்கு அது உயிர்நாடி. நன்றாகக் காது கேட்பவர்களும் இன்று அதை வைத்துத்தான் ஆடுகிறார்கள். வேலரன்ட் என்ற இன்னொரு ஷூட்டர் ஆட்டத்தில் எதிரியைச் சுற்றி வரும் கோடு இயல்பாகச் சிவப்பு. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்காக மஞ்சளும், நீலம் சார்ந்த குறை உள்ளவர்களுக்காக ஊதாவும் வைத்தார்கள். நிறப்பார்வை சரியாக இருக்கும் எத்தனையோ பேர், கண்ணுக்கு எடுப்பாக இருக்கிறது என்று மஞ்சளுக்கோ ஊதாவுக்கோ மாறிவிட்டார்கள். நானும் ஊதாதான். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? மருத்துவச் சான்றிதழ் காட்டினால்தான் மஞ்சள் தருவோம் என்று ஒரு ஆட்டம் கேட்டால் அதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் தலைவலியைப் பற்றி அந்த இரவு முன்பின் தெரியாத நான்கு பேரிடம் சொல்ல வேண்டிவந்ததே எனக்குப் போதும். மெனுவில் எல்லோருக்கும் ஒரு வரி இருந்தால் யாரும் யாரிடமும் எதையும் விளக்க வேண்டாம்.

அந்த ஷூட்டர் கேமில் பல மாதங்கள் கழித்து அந்த வரி வந்தது. ஒரு பெரிய அப்டேட்டின் பேட்ச் குறிப்பில், ஆயுத மாற்றங்களுக்கெல்லாம் கீழே, “திரைத் துடிப்பைக் குறைக்கும் விருப்பம் சேர்க்கப்பட்டுள்ளது” என்று ஒற்றை வரி. அதை ஆன் செய்தால் திரை ஓரத்தில் துடிக்காத ஒரு சிவப்புக் கோடு மட்டும் வருகிறது. வேகம் குறைவது அதேதான், குறையும் நேரமும் அதேதான். நான் மறுபடி ரேங்க்டு ஆட ஆரம்பித்தேன்.

போன மாதம் அண்ணன் என்னைக் கூப்பிட்டு அவனுடைய புது ஆட்டத்தின் மெனு வரைவைக் காட்டினான். கேமரா நடுக்கத்துக்கு ஆன், ஆஃப் இல்லாமல் பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஒரு ஸ்லைடர். ஃபிளாஷுக்கு வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறம். அடிபட்டால் திரை சிவக்கும் எஃபெக்டை மட்டும் அவன் விட்டுத்தரவில்லை. “அது இல்லன்னா அடிபட்டதே தெரியாதுடி” என்றான். தெரியட்டும், ஆனால் துடிக்க வேண்டாம், அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கம் மட்டும் சிவக்கட்டும் என்றேன். அரை மணி நேரம் வாதம் செய்தோம். குறித்துக்கொண்டான். செய்வானா என்று தெரியாது, அவனுக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்று இரவு நான் அவனுடைய பழைய ஆட்டத்தைத் திறந்து, முந்தைய வாரம் ஜெயித்த ஒரு மேட்சின் ரீப்ளேயைப் போட்டேன். ரீப்ளேயில் எதைப் பார்த்தாலும் தோற்கப்போவதில்லை. செட்டிங்ஸில் மழையை ஆன் செய்தேன். இருநூறு மணி நேரம் காய்ந்த தரையாக நான் பார்த்த முற்றம் முழுக்கத் தண்ணீர் ஓடியது. நான் சுட்டுவிட்டு ஓடும் இடத்தில், அவன் சொன்ன மாதிரியே, காலடியிலிருந்து நீர் பக்கவாட்டில் தெறித்தது. இரும்புக் கூரையில் விழுந்த துளிகள் நிஜமாகவே வேறு மாதிரிதான் சிதறின. அதை அப்படியே நிறுத்தி ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அடுத்த ரேங்க்டு மேட்சுக்கு முன்னால் மழையை மறுபடி அணைத்தேன், அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன்.